அதிரசமும் ஏரிப்படியும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது தொந்தியைப் பற்றிய கதை. தூரத்திலிருந்து கேட்டால் ருசிக்காது.

ஆலங்கோட்டைக் கார்மேக ராஜாவின் சபையில் மருதக்குட்டி என்றொரு வாய்க்காரன் இருந்தான். ஆளுக்கு முன்னே அவன் தொந்தி வந்து ராஜாவைக் கும்பிடும். தளவாய் உக்கிரப்பனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

ஒரு கோடையில் ஏரி வற்றிப்போனது. தளவாய் சபைத் தரையில் கோலமாவால் இரண்டு கோடு இழுத்தார்.

"மகாராஜா, படுத்த கோட்டிலே இவன் மாதாமாதம் தின்ற அதிரசம். வலப்பக்கம் போகப்போகக் கூடுதல். நிற்கிற கோட்டிலே ஏரிக்காவலர் எழுதிவைத்த ஏரிப் படிக்கட்டுக் கணக்கு. மேலே போகப்போகக் கூடுதல். மாதத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைத்திருக்கிறேன்."

கொட்டைகள் இடப்பக்க உச்சியில் தொடங்கி வலப்பக்கமாகச் சரிந்து இறங்கின. ஒன்று மட்டும் இடப்பக்கத்து அடிமூலையில் தனியே கிடந்தது.

"பார்த்தீர்களா? இவன் தின்னத் தின்ன ஏரி இறங்குகிறது! பீடை! ஊரைவிட்டே துரத்துங்கள்."

ராஜாவுக்குக் கண் சிவந்தது. "மருதக்குட்டி! பொழுது சாய்வதற்குள் பதில் சொல். இல்லையென்றால் எல்லை தாண்டிப் போ."

மருதக்குட்டி தொந்தியைத் தடவிப் பார்த்தான். அவனுக்கே சந்தேகம். 'அதிரசம் தின்றால் தாகம் எடுக்கும்தான். அதுக்காக ஒரு ஏரியையா குடித்திருப்பேன்?'

"அந்தத் தனிக்கொட்டை எந்த மாதம், தளவாயே?"

"தை."

"அடடா! எனக்கு வயிறு கெட்டுப்போன மாதம். ஊரே தின்றது. நான் மட்டும் கஞ்சிக் கலயத்தோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து, தண்ணீர் ததும்புவதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்..."

சொல்லும்போதே நிறுத்தினான். ததும்பிய ஏரிக்குக் கொட்டை ஏன் அடியிலே கிடக்கிறது?

ஏரிக்காவலரைக் கூப்பிட்டான். "வீரணண்ணே, படியை எப்படி எண்ணுவீங்க?"

"கரையிலேருந்து எண்ணிக்கிட்டே இறங்குவேன் சாமி. கால் நனைஞ்சா நிறுத்திடுவேன்."

"அப்போ நீங்க எண்ணினதெல்லாம்?"

"காய்ஞ்ச படி."

சபை கொல்லென்று சிரித்தது. அரண்மனைக்குள்ளேயே குளிக்கிற தளவாய் ஏரிப்படியில் என்றைக்குக் கால் வைத்தார்? தண்ணீரில் முங்கிய படிக்கணக்கு என்றே நினைத்துவிட்டார்.

"மகாராஜா, கொட்டை இறங்கினால் காய்ந்த படி குறைகிறது. தண்ணீர் ஏறுகிறது."

ராஜா துள்ளி எழுந்தார். "அப்படியானால் நீ தின்னத் தின்ன ஏரி நிறைகிறது! கொண்டுவாருங்கள் நூறு அதிரசம்! தளவாயே பரிமாறட்டும்!"

"ஐயையோ, இந்த வயிற்றுக்கு அவ்வளவு மகிமை ஏது மகாராஜா? ஏரி நிறைஞ்சா வெள்ளாமை. வெள்ளாமை வந்தா ஊரெல்லாம் கல்யாணம். இலை போட்ட இடமெல்லாம் நான். ஏரிதான் என் தொந்தியை நிறைக்குது. என் தொந்தி ஏரியை நிறைக்காது."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சரி, அப்போ அதிரசத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா?"

அதற்குள் தளவாய் இலையும் தட்டுமாக எதிரே வந்து நின்றார். நெய் வாசம் மூக்கைத் துளைத்தது.

"இருந்தாலும் நாட்டு நன்மையாச்சே மகாராஜா, ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாம்" என்று சம்மணம் போட்டு, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான் மருதக்குட்டி.