தொண்டையில் நின்ற கல்

அந்தக் காலத்தில் மனிதருக்கும் மிருகத்துக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. மைனா பேசினால் நமக்குப் புரியும், நாம் பேசினால் ஆமைக்குப் புரியும். ஆணும் பெண்ணும் ஒரே அளவுதான் பேசினார்கள். வழி தெரியாவிட்டால் எதிரில் வருவது எறும்பாக இருந்தாலும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை.

மலையடிவாரத்தில் ஒரு பாறைக் குகையில் சடையன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி வெள்ளச்சி. நாலு வயதில் தும்பை என்று ஒரு மகள்.

ஒரு கோடையில் தும்பைக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டாள். காய்ச்சல் விட்டது, பசி மட்டும் வரவில்லை. கிழங்கை அவித்து மசித்துக் கொடுத்தால் கக்கிவிட்டாள். நாக்கில் தேன் தடவினாலும் தலையைத் திருப்பிக்கொண்டாள். கையும் காலும் சுள்ளியாகிவிட்டன. வெள்ளச்சி நொடிக்கொரு தரம் அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

"எலும்புச் சாறுதான் இனிமேல் இவள் வயிற்றில் நிற்கும். ஒரு மான் கொண்டு வாய்யா" என்றாள்.

சடையன் ஈட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். கிட்டத்தில் இருந்த ஓடையெல்லாம் வற்றியிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் அவனுக்குப் பழக்கமில்லாத காடு.

"ஏம்மா மைனா, மான் தண்ணி குடிக்கிற இடம் எந்தப் பக்கம்?"

"நேரா போய் தான்றி மரத்துக்கிட்ட திரும்புங்க" என்றது மைனா.

போனான். அங்கே தண்ணீர் இருந்தது, ஈர மண்ணில் குளம்புத் தடம் இருந்தது, மான் இல்லை. மறுநாள் அணிலைக் கேட்டுப் போனான். அன்றும் தடம்தான். மூன்றாம் நாள் பாறை மேல் ஒரு கிழட்டுக் கலைமான் நின்று சிரித்தது.

"நீ கேட்டுக் கேட்டு வர்றே. மைனா அணிலுக்குச் சொல்லுது, அணில் எனக்குச் சொல்லுது. நீ வர்றதுக்குள்ள நாங்க அடுத்த மலைக்கே போயிடுறோம். ரொம்ப நன்றிப்பா!"

வெறுங்கையோடு வந்து இதைச் சொன்னபோது வெள்ளச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"காடெல்லாம் தமுக்கடிச்சுட்டா வேட்டைக்குப் போனே?"

"நீயும்தானே கிழங்கு தோண்டப் போற இடமெல்லாம் ஊரையே கேட்டுக்கிட்டுப் போறே?"

"கிழங்குக்குக் கால் இல்லைய்யா. நான் எவ்வளவு கத்தினாலும் அது மண்ணுக்குள்ளதான் கிடக்கும். எது கசக்கும், எது கொல்லும்னு நாலு பேரைக் கேட்காம எப்படித் தோண்டுறது? உன் மானுக்குக் கால் இருக்கு, காதும் இருக்கு."

மறுநாள் காலையில் கோலிக்காய் அளவுக்கு வழவழப்பான கூழாங்கல் ஒன்றை எடுத்து அவன் நாக்குக்கு அடியில் வைத்தாள்.

"பேச்சு வந்தா இது இடிக்கும். உடனே நம்ம பிள்ளையை நினைச்சுக்கோ."

அவன் போனான். "என்ன சடையா, இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று மைனா கூப்பிட்டது. தலையை மட்டும் ஆட்டினான். அணில் மரத்தில் கூடவே ஓடி வந்து கேட்டுப் பார்த்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்க் கரையில் மான்கள் குனிந்திருந்தன. ஈட்டியை எறிந்தான். ஒன்று விழுந்தது.

விழுந்ததும் சந்தோஷத்தில் "வெள்ளச்சி!" என்று கத்த வாயைத் திறந்தான். அவ்வளவுதான், கல் உள்ளே போய்விட்டது. தொண்டையின் நடுவில் போய் நின்றது. இருமினான், குனிந்தான், முதுகில் தானே குத்திக்கொண்டான். கல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நல்லவேளை, மூச்சு வந்தது.

மானைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். ஆனால் திரும்புகிற வழியையும் கேட்டே பழகியவன் அவன். தான்றி மரத்தடியில் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அங்கே ஓர் ஆமை இருந்தது.

"எந்தப் பக்கம்" என்று கேட்க வாயெடுத்தான். சொல் வந்து கல்லில் முட்டி நின்றது. கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர சொல் வரவில்லை.

"வழி தெரியுமா?" என்று ஆமையே கேட்டது.

தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தான். 'தெரி' வரைக்கும் வந்த சொல்லைக் கல் தடுத்து வேறு மாதிரி முடித்துவிட்டது.

"தெரியும்" என்றான்.

குகையில் வெள்ளச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெயில் சாய்ந்துவிட்டது. தும்பை கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள். பிள்ளையைப் பக்கத்துக் குகையில் இருந்த தன் தங்கையிடம் விட்டுவிட்டு, 'கல்லைக் கொடுத்தது நான்தானே, நான்தானே' என்று முணுமுணுத்தபடி ஓடினாள்.

"மைனா, எங்க ஆளைப் பார்த்தியா?"

"பார்த்தேன் அக்கா. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனாரு. வீட்டில் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லை. எந்தப் பக்கம்னு சொல்லு தாயி."

மைனா சொன்னது. அணில் சொன்னது. வழியில் போன எறும்புச் சாரைகூட நின்று சொன்னது. தான்றி மரத்தடிக்கு வந்தால், தோளில் மானோடு சடையன் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"இதோட ஏழு சுத்து" என்றது ஆமை. "நானும் ஒவ்வொரு சுத்துக்கும் கேட்கிறேன். தெரியும் தெரியும்ங்கிறாரு."

"வாய்யா" என்று வெள்ளச்சி முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான். குகை கண்ணுக்குத் தெரிந்ததும் வேகமாக எட்டு வைத்து அவளுக்கு முன்னால் போனான், இவ்வளவு தூரமும் தானே கூட்டி வந்தவன் மாதிரி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அடுப்பு மூட்டுகிற அவசரத்தில் இரண்டையும் விட்டுவிட்டாள்.

தும்பை ஒரு வாய்ச் சாறு குடித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கக்கவில்லை. இன்னொரு வாய் கேட்டாள்.

அதன் பிறகுதான் வெள்ளச்சி அவன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். கல் உருண்டையாக முன்னால் துருத்திக்கொண்டிருந்தது.

"வலிக்குதாய்யா? பயந்துட்டியா?"

அவனுக்கு நிறையச் சொல்ல இருந்தது. கல் ஒருமுறை மேலே ஏறி இறங்கியது.

"ம்" என்றான்.

கடைசிவரை அந்தக் கல் வெளியே வரவில்லை. பிறகு பிறந்த மகனுக்கும் மீசை அரும்புகிற வயதில் அதே இடத்தில் அதே உருண்டை வந்தது, குரலும் உடைந்தது. மகளுக்கு வரவில்லை.

அன்று விழுங்கிய கல்தான் இன்றும் ஆண்களின் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் அவர்கள் ஒரே தெருவை ஏழு முறை சுற்றினாலும் யாரிடமும் வழி கேட்பதில்லை. பக்கத்தில் வருகிற பெண்கள்தான் நாலு பேரைக் கேட்டு வீடு வந்து சேர்க்கிறார்கள்.