குழந்தைவேலுவின் முதல் ரைஃபிள்

ரைஃபிள் கிளப்பில் குழந்தைவேலுவின் பேர் ஒரே குண்டில் கெட்டது.

போன மாதப் போட்டியில் அவர் சுட்ட குண்டு பக்கத்து ஆளின் இலக்கு அட்டையில் போய் விழுந்தது. "ரொம்ப நன்றிண்ணே" என்றான் அந்த ஆள். கூடமே சிரித்தது.

தப்பு கிளப்பின் பொதுத் துப்பாக்கியிலா, தன்னிலா? ஐம்பத்து நான்கு வயதில் அதைத் தெரிந்துகொள்ள அவருக்குப் பயமாக இருந்தது. சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவதே மேல் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த போட்டி. அதிலும் மானம் போனால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

துப்பாக்கிக் கடைக்காரர் மூன்று ஏர் ரைஃபிள்களைக் கிளப்பில் பார்க்கக் கொடுத்துவிட்டு வெளியே வண்டியில் காத்திருந்தார். குழந்தைவேலு ஒன்றை எடுப்பார், வைப்பார், இன்னொன்றைத் தடவுவார். தான் தேர்ந்தெடுத்த எதுதான் சரியாக அமைந்தது?

பயிற்சியாளர் ஸலீமா அவரைவிட இருபது வயது சின்னவர். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எது நல்லது மேடம்?"

"மூணும் நல்லதுதான் சார்."

"எனக்கு எது நல்லது?"

"பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தானா?"

"அப்ப யாரு என்னைக் கேட்டா?"

ஸலீமா சிரித்துக்கொண்டே மூன்றிலும் குண்டு போட்டார்.

"ஒவ்வொண்ணா தூக்குங்க. குறி பாருங்க. சுடாம இறக்குங்க."

"சுடாம எப்படி மேடம் தெரியும்?"

"தூக்குங்க சார்."

முதல் ரைஃபிள் இலேசாக இருந்தது. கறுப்பு வட்டம் கண்ணுக்கு நேரே வந்தது. இறக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் வெடித்துவிட்டது. அட்டையின் நட்டநடுவில் ஓட்டை.

"விரல் பட்டுடுச்சு மேடம்."

"பரவால்ல. அடுத்தது."

இரண்டாவதில் குறி வந்தது, விலகியது, மறுபடி வந்தது. இனி வராமல் போனால்? விசையை அழுத்திவிட்டார். அதுவும் நடுவில்தான்.

"நல்லா அமைஞ்சுது மேடம். விட மனசு வரலை."

ஸலீமா மூன்றாவதைக் காட்டினார்.

அது கனத்தது. விசை கடினமாக இருந்தது. லேசாக அழுத்தினால் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் பார்ப்பது போல இருந்தது அவருக்கு. தூக்கியதை இறக்கினால் என்ன நினைப்பார்கள்? குறி நடுங்கியது. நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது. விரல் விசையின் மேலேயே இருந்தது. மூச்சை விட்டார். மெதுவாக, மிக மெதுவாக, துப்பாக்கியை இறக்கி மேசையில் வைத்தார்.

வெளியே கடைக்காரர் ஹாரன் அடித்தார்.

"முதலாவதா, ரெண்டாவதா மேடம்? நேரமாச்சு."

ஸலீமா மூன்றாவதை அவர் பக்கம் நகர்த்தினார்.

குழந்தைவேலுவுக்கு முகம் சுண்டிவிட்டது. "இதுல ஒரு குண்டுகூட நான் அடிக்கலையே."

"அடின்னா மூணும் அடிக்கும் சார். வேண்டாம்னா இது ஒண்ணுதான் நிக்குது."