உறுதியா என்று கேட்ட நரி

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. மழைக்காலத்தில் மட்டும்தான் அது ஆறு, பிள்ளைகளே. கோடை வந்துவிட்டால் வெறும் மணல். தண்ணீர் மணலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். சரியான இடத்தில் தோண்டினால் ஊற்று கிடைக்கும். தப்பான இடத்தில் தோண்டினால் முதுகுவலிதான் கிடைக்கும்.

அதனால் அந்தக் காட்டில் ஊற்றுக்காரர் என்று ஒரு பதவி இருந்தது. ஊற்றுக்காரர் காட்டுகிற இடத்தில்தான் காட்டுப்பன்றி தோண்டும். யார் முதலில் குடிப்பது, யார் பிறகு குடிப்பது என்று வரிசை போடுவதும் ஊற்றுக்காரர்தான்.

பல கோடைகளாக அந்தப் பதவியில் ஒரு நரி அமர்ந்திருந்தது. அது போட்ட வரிசையைக் கேளுங்கள்: முதலில் தான், அப்புறம் தன் சொந்தக்காரர்கள், அப்புறம் பெரிய கொம்பு உள்ளவர்கள். சின்னக் கால் உள்ளவர்கள் எல்லோரும் கடைசி. அவர்களுடைய முறை வரும்போது ஊற்றில் சேறுதான் மிச்சம் இருக்கும். நரி காட்டிய இடங்களிலும் பாதி காய்ந்தே கிடக்கும். கேட்டால், "இந்த வருஷம் பூமியே சரியில்லை" என்று பழியைப் பூமியின் தலையில் போட்டுவிடும்.

அந்தக் காட்டில் சருகி என்றொரு சருகுமான் இருந்தது. மான் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சருகிக்கு மூக்கு கூர்மை, மனசுதான் பயந்த மனசு. பயம் வந்தால் அதன் பின்னங்கால்கள் தாமாகவே தரையைத் தடதடவென்று தட்டும். எவ்வளவு அடக்கினாலும் நிற்காது.

போன கோடையில் சருகியின் குட்டி ஊற்றடியில் வரிசையின் கடைசியில் நின்றது. அதன் முறை வந்தபோது தண்ணீர் இல்லை. சேற்றை இரண்டு முறை நக்கிப் பார்த்துவிட்டுத் தாயின் காலடியில் படுத்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கே மனசில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் சருகிக்கு வந்த கோபம் உங்களுக்குப் புரியாது.

இந்தக் கோடையில் சருகிக்கு இன்னொரு குட்டி இருந்தது. அதன் நாக்கும் உலரத் தொடங்கியிருந்தது.

ஊற்றுக்காரர் பதவிக்கு ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் ஒரு பரீட்சை நடக்கும். விருப்பம் உள்ள யாரும் நரியை எதிர்த்துப் போட்டியிடலாம். எல்லா விலங்குகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, காட்டுப்பன்றி மணலில் நான்கு குழிகள் தோண்டும். ஒரே ஒரு குழியில்தான் தண்ணீர் கசியும். பிறகு நான்கையும் மணலால் மூடி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேக்கிலையை விரித்துவிடும். நான்கில் எது சரி? அதுதான் கேள்வி. இந்த மாதிரிப் பரீட்சை உங்களுக்கும் பழக்கம்தானே?

போட்டிக்கு வந்தவர் வாயில் ஒரு கூழாங்கல்லைக் கவ்வி வந்து, தான் நினைத்த இலைக்குப் பக்கத்தில் மணலில் அழுத்தி வைக்க வேண்டும். மோந்து பார்க்கலாம், சுற்றி நடக்கலாம். இலையைத் தூக்கக் கூடாது. பிறகு நரி தன் கல்லை வேறோர் இலைக்குப் பக்கத்தில் வைக்கும். ஓர் இலைக்கு ஒரு கல்தான். மரங்கொத்தி மூன்று தடவை மரத்தைக் கொத்தும். மூன்றாவது தடவை கொத்துகிற வரைக்கும் இருவரும் கல்லை இடம் மாற்றிக்கொள்ளலாம். அதற்குமேல் கூடாது.

மாற்றிக்கொள்ளலாம் என்கிற அந்த ஒரு சலுகையை வைத்துத்தான் நரி பிழைத்து வந்தது.

எப்படி என்கிறீர்களா? போட்டிக்கு வந்தவர் கல்லை வைத்ததும் நரி பக்கத்தில் வந்து நிற்கும். பொய் சொல்லாது, மிரட்டாது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்கும்.

"உறுதியா?"

அவ்வளவுதான். போன கோடையில் சருகியும் கல்லை வைத்தது. நரி கேட்டது. சருகியின் கால்கள் தடதடத்தன. "நாம் சின்ன ஆள், நமக்கு என்ன தெரியும்?" என்று நினைத்துக் கல்லை வேறு இலைக்கு மாற்றியது. பன்றி இலைகளை விலக்கித் தோண்டியபோது சருகியின் இடம் காய்ந்து கிடந்தது, நரியின் இடத்தில் தண்ணீர் வந்தது. எல்லோரும் நரிக்கு வாலாட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தக் கோடையில் முதலில் போட்டிக்கு வந்தது முயல். இலைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாவது இலையிடம் நின்று, காதை மணலில் வைத்துக் கேட்டு, கல்லை அழுத்தி வைத்தது. முகத்தில் அத்தனை சந்தோஷம்!

நரி வந்து தலையைச் சாய்த்தது. "உறுதியா?"

"உறுதிதான் என்று நினைக்கிறேன்" என்றது முயல்.

"ஓ, நினைக்கிறாயா" என்றது நரி.

முயலின் மூக்கு துடித்தது. மூன்றாவது இலையைப் பார்த்தது. முதல் இலையைப் பார்த்தது. கல்லைக் கவ்விக்கொண்டு முதல் இலைக்கு ஓடிவிட்டது. நரி சாவகாசமாக நடந்து போய்த் தன் கல்லை மூன்றாவது இலைக்குப் பக்கத்தில் வைத்தது. மரங்கொத்தி மூன்றாவது தடவை கொத்தியது. பன்றி தோண்டியது. மூன்றாவது குழியில் தண்ணீர்!

"எங்கள் நரியார் நரியார்தான்!" என்று கொம்புக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

சருகி மட்டும் ஆரவாரம் செய்யவில்லை. தலையைத் தரையோடு வைத்து நடக்கிற சின்ன ஆட்களுக்கு, தலை நிமிர்ந்து நடக்கிறவர்கள் பார்க்காதது எல்லாம் கண்ணில் படும். மூன்றாவது இலைக்குப் பக்கத்தில் முயலின் கல் பதிந்த பள்ளம் ஒன்று இருந்தது. நரியின் கல் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தது.

சருகிக்குப் போன கோடை நினைவுக்கு வந்தது. அப்போதும் நரியின் கல் எங்கே இருந்தது? சருகி முதலில் வைத்துவிட்டு எடுத்த அதே இடத்தில்!

'அடப்பாவி! உனக்கு ஊற்றைப் பற்றி ஒன்றுமே தெரியாதா? தெரிந்தவரை இடத்தைவிட்டுக் கிளப்ப மட்டும்தான் தெரியுமா? என் விடையை நானே நம்பாமல் போட்டுவிட்டுப் போனேன், நீ அதை நம்பிப் பிழைத்தாய். அந்த ஒரு கல்லை நான் நகர்த்தாமல் இருந்திருந்தால் என் குட்டி இன்று பிழைத்திருக்குமே!'

சருகியின் நெஞ்சு எரிந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தது.

"அடுத்தது நான்" என்றது.

நரி சிரித்தது. "போன வருஷம் பட்டது போதாதா, தங்கச்சி?"

"போதும். அதனால்தான் வந்திருக்கிறேன்."

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பன்றி ஆற்றில் வேறோர் இடத்துக்குப் போய், முனகிக்கொண்டே நான்கு குழிகள் தோண்டி, மூடி, இலைகளை விரித்தது. மரங்கொத்தி முதல் தடவை கொத்தியது.

சருகி கல்லைக் கவ்விக்கொண்டு நடந்தது. முதல் இலையைச் சுற்றி மணல் சுட்டது. இரண்டாவது இலையருகே குளம்புக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கல்லை அங்கே வைத்தது. வைத்துவிட்டு நிமிர்ந்தால், தன்னுடைய முதுகிலும் வெயில் படவில்லை. கரையில் நின்ற மருதமரத்தின் நிழல் அந்த இலையின் மேல் விழுந்திருந்தது.

'குளிர்ச்சி தண்ணீரால் வந்ததா, நிழலால் வந்ததா?' என்று யோசித்தது சருகி. மற்ற இரண்டு இலைகளையும் போய்ப் பார்த்தது. மூன்றாவது வெயிலில் கொதித்தது. நான்காவதும் உச்சி வெயிலில்தான் கிடந்தது, நிழல் ஒரு துளியும் இல்லை. ஆனாலும் அங்கே மணல் குளிர்ந்திருந்தது. குளம்பில் ஒட்டவும் ஒட்டியது.

சருகி திரும்பி வந்து கல்லை எடுத்தது. நான்காவது இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தி வைத்தது.

நரிக்கு வாயெல்லாம் பல். 'நான் கேட்பதற்கு முன்பே இது பயந்து மாற்றிவிட்டதே!' என்று குதித்துப் போய்த் தன் கல்லை இரண்டாவது இலையருகே சருகியின் பழைய பள்ளத்தில் வைத்தது. மரங்கொத்தி இரண்டாவது தடவை கொத்தியது.

ஆனாலும் பழக்கம் விடுமா? நரி சருகியின் பக்கத்தில் வந்து தலையைச் சாய்த்தது.

"உறுதியா?"

சருகியின் பின்னங்கால்கள் தடதடவென்று தட்டத் தொடங்கின. எல்லோருக்கும் கேட்டது. கொம்புக்காரர்கள் சிரித்தார்கள். பழைய பயம் எழுந்தது. 'நீ சின்ன ஆள். இரண்டாவதே சரியாக இருந்தால்? மூன்றாவதாக இருந்தால்?'

சருகி கூட்டத்தில் தன் குட்டியைப் பார்த்தது. பிறகு கல்லின் மேல் தன் முன்னங்காலைத் தூக்கி வைத்தது.

"கால் நடுங்கினால் நடுங்கட்டும். கல் நகராது" என்றது.

"நான் கேட்டது உன் நல்லதுக்காக..." என்றது நரி.

"என் நல்லதுக்கா? அப்படியானால் ஒரு காரணம் சொல்லுங்கள். இரண்டாவது இலையருகிலிருந்து ஏன் கல்லை எடுத்தேன் என்று நான் சொல்வேன். இங்கே ஏன் வைத்தேன் என்றும் சொல்வேன். இந்த இடம் தப்பு என்பதற்கு நீங்கள் ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், இப்போதே மாற்றுகிறேன்."

நரி இலையைப் பார்த்தது. மணலைப் பார்த்தது. வானத்தையும் பார்த்தது. எங்கும் காரணம் அகப்படவில்லை.

"நீங்கள் அங்கே ஏன் வைத்தீர்கள்? அதையாவது சொல்லுங்கள்."

நரி மெல்ல ஓர் அடி பின்வாங்கியது.

அப்போது சருகி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. இத்தனை கோடைகளில் நரியை யாரும் கேட்காத அந்த ஒரு வார்த்தையைக் கேட்டது.

"உறுதியா, நரியாரே?"

பிள்ளைகளே, நரியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தன் கல்லைத் திரும்பிப் பார்த்தது. 'இது ஏன் பயப்படாமல் நிற்கிறது? அப்படியானால் இரண்டாவது தப்போ?' ஓடிப்போய்க் கல்லைக் கவ்வி மூன்றாவது இலைக்குக் கொண்டுபோனது. 'மூன்றாவது தப்பாக இருந்தால்?' முதல் இலைக்கு ஓடியது. 'சே, இரண்டாவதிலேயே விட்டிருக்கலாமோ?' மறுபடியும் திரும்பியது. மணலெல்லாம் அதன் கால்தடம். கொம்புக்காரர்கள் இப்போது சிரிக்கவில்லை, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

டக்கென்று மரங்கொத்தி மூன்றாவது தடவை கொத்தியது.

"நரியாரே, உம்முடைய கல் எங்கே?" என்றது பன்றி.

நரி பதில் சொல்ல வாயைத் திறந்தது. கல் வாயிலிருந்து நழுவி அதன் காலிலேயே விழுந்தது.

பன்றி ஒவ்வொரு குழியாகத் தோண்டியது. முதலாவது காய்ந்த மணல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மண்புழுகூட இல்லை. நான்காவது இலையை மூக்கால் தள்ளிவிட்டுத் தோண்டியபோது, அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்து பன்றியின் மூக்கை நனைத்தது.

"சருகிதான் இனி ஊற்றுக்காரி" என்றது பன்றி. அதற்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

சருகி அன்றைக்கே வரிசையை மாற்றியது. சின்னக் கால் உள்ளவர்கள் முதலில், பெரிய கொம்பு உள்ளவர்கள் பிறகு. "இது என்ன அநியாயம்?" என்று ஒரு காட்டெருமை உறுமியது.

"குட்டிகள் குடிப்பது நான்கு வாய். அதற்குப் பிறகும் உங்களுக்கு ஊற்று நிறையவே இருக்கும். வேண்டாம் என்றால் நீங்களே வேறு ஊற்றைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்" என்றது சருகி. அதன் கால்கள் அப்போதும் தடதடத்துக்கொண்டுதான் இருந்தன. குரல் மட்டும் நடுங்கவே இல்லை. காட்டெருமை முணுமுணுத்துக்கொண்டே போய் வரிசையில் நின்றது.

சருகியின் குட்டி தெளிந்த தண்ணீரில் மூக்கு முழுக்க வைத்துக் குடித்தது. சருகி அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. போன வருஷத்துக் குட்டியை நினைத்து அதன் கண் கலங்கியது.

வரிசையின் கடைசியில் நரி நின்றது. வெயிலில் அதன் நாக்கு ஒரு முழம் தொங்கியது.

"சருகியம்மா, கடைசியில் எனக்கும் தண்ணீர் இருக்குமா?" என்று கேட்டது.

"இருக்கும்" என்றது சருகி.

"உறுதியா?" என்றது நரி.

காடே விழுந்து விழுந்து சிரித்தது.

நீதி: காரணம் கிடைத்தால் விடையை மாற்று, பயம் வந்துவிட்டது என்பதற்காக மாற்றாதே.