அடிமரம் வென்ற சண்டை

கோடையில் காட்டுக் குளம் வற்றிப்போய், ஒரு குழி அளவு தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. அதன் கரையில் காட்டுப்பன்றியும் உடும்பும் முறைத்துக்கொண்டு நின்றன.

"நான் இதில் புரண்டே ஆக வேண்டும்! வெயிலில் என் தோல் வெந்துபோகிறது!" என்றது பன்றி.

"நீங்கள் புரண்டால் மற்றவர்கள் சேற்றையா குடிப்பது, அண்ணே?" என்றது உடும்பு.

பேச்சு முற்றியது. மூன்று சுற்றுச் சண்டை போடுவது, ஜெயித்தவர் சொல்படி குளம் என்று முடிவாயிற்று. முட்டலாம், உதைக்கலாம், கட்டிப் பிடித்து நெரிக்கலாம். தீர்ப்புச் சொல்ல மயில், ஆந்தை, ஆமை மூன்றும் வந்தன. கரையில் நின்ற ஒரு பட்டுப்போன அடிமரத்தின் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தன.

"டொக்!" என்று மரங்கொத்தி கொட்டியது. சண்டை தொடங்கியது.

முதல் சுற்றில் பன்றி ஒரே முட்டு முட்டியது. உடும்பு பறந்துபோய்ப் புதரில் விழுந்தது.

இரண்டாம் சுற்றில் உடும்பு பாய்ந்து பன்றியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. பன்றி உதறியது, உருண்டது, காடே அதிர வீறிட்டது. பிடி தளரவில்லை. பன்றியின் முழங்கால் மடிந்தபோது, சுற்று முடிந்ததென்று மரங்கொத்தி கொட்டிவிட்டது.

மூன்றாம் சுற்றில் இரண்டுக்கும் மூச்சு வாங்கியது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போய் அடிமரத்தில் மோதின. ஆளுக்கொரு பக்கம் சரிந்தன.

"மதிப்பெண்!" என்று வேடிக்கை பார்த்த மிருகங்கள் கூச்சலிட்டன.

"முதல் சுற்று உடும்புக்கு" என்றது மயில். "பறந்தபோது வால் என்ன அழகாக வளைந்தது!"

"அது அடி வாங்கியல்லவா பறந்தது?" என்று மான் கேட்டது.

"அழகுக்குக் காரணம் கேட்கக் கூடாது!"

ஆந்தை கொட்டாவி விட்டது. பகலில் அதற்குக் கண் திறப்பதே இல்லை. "இரண்டாம் சுற்று பன்றிக்கு. அதன் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது."

"கழுத்து நெரிந்ததால் கத்தினேன்!" என்றது பன்றி.

"எதனால் என்பது என் வேலை இல்லை."

ஓட்டுக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டியது. "ஆரம்பிக்கப் போகிறார்களா?"

"முடிந்தே போயிற்று!"

ஆமை சுற்றும் முற்றும் பார்த்தது. பன்றி கிடந்தது. உடும்பு கிடந்தது. அடிமரம் மட்டும் நின்றது. "அப்படியானால் கடைசியில் நிற்பவர்தானே ஜெயித்தவர்? மூன்றாம் சுற்று இவருக்கு!"

நடுவர்கள் மூவரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். பிறகு மயில் தோகையை விரித்து அறிவித்தது: "உடும்பு இரண்டு சுற்றில் தோற்றது. பன்றியும் இரண்டு சுற்றில் தோற்றது. எந்தச் சுற்றிலும் தோற்காதவர் அடிமரம் ஐயாதான்! குளம் இனி அவருக்கே. அவர் அனுமதி இல்லாமல் யாரும் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது!"

தீர்ப்பு தீர்ப்புதானே! மிருகங்கள் அடிமரத்தின் முன் வரிசையில் நின்றன.

"ஐயா, என் குட்டிக்கு மட்டும் ஒரு வாய்?" என்று மான் கெஞ்சியது.

அடிமரம் பேசவில்லை.

"யோசிக்கிறார்" என்றது மயில்.

வெயில் ஏறியது. மான்குட்டியின் நாக்கு வறண்டு, கால்கள் துவண்டு, அது மணலில் சாய்ந்தது. பன்றியால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே உடும்பிடம் போனது.

"தம்பி, உள்ளதைச் சொல்கிறேன். மரங்கொத்தி கொட்டாமல் இருந்திருந்தால் நான் மூச்சு முட்டி விழுந்திருப்பேன். ஜெயித்தது நீதான். குளத்துக்கு என்ன செய்யலாம், சொல்!"

உடும்பு பன்றியின் வீங்கிய கழுத்தைப் பார்த்தது. அதற்கு வருத்தமாகிவிட்டது. "எல்லாரும் குடித்து முடிக்கட்டும், அண்ணே. அப்புறம் நீங்கள் ஓரமாகப் புரண்டுகொள்ளுங்கள்."

"செல்லாது! மேல்முறையீடு செய்யாமல் குடிக்கக் கூடாது!" என்று நடுவர்கள் கத்தினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மான்குட்டிதான் முதலில் குடித்தது.

பார்க்கத் தெரியாதவர்கள் சொல்லும் தீர்ப்பைவிட, மோதியவனே மனசாட்சியோடு ஒப்புக்கொள்ளும் தோல்வி மேலானது.