மேற்கு வாசலின் அமைப்புக் கோப்பு

முன்னே ஒரு காலத்தில் கடம்பக்கரை நாட்டை மருதவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். அவன் அரண்மனைக் கதவுகளை ஒரு லினக்ஸ் கணினிதான் திறந்து மூடும். அந்தக் காலத்தில் ஏது கணினி என்கிறீர்களா? கிளி பேசினால் மட்டும் தலையாட்டுவீர்களே, இதற்கும் ஆட்டுங்கள்!

ராணி செத்து ஒரு வருஷம். அதுமுதல் உச்சி வெயிலில் மேற்கு வாசலை யாரோ தட்டுவார்கள். திறந்துகொண்டு போன காவலர் மூன்று பேர் திரும்பவே இல்லை. எந்தக் கதவு எப்போது திறக்கவேண்டும் என்று கணினிக்கு எழுதிவைத்த அமைப்புக் கோப்பில் பெண் மந்திரி தையல்நாயகி ஒரு வரியைத் திருத்தினாள்: 'மேற்கு வாசல் நண்பகலில் திறக்காது.'

ஒருநாள் கதவு மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்தது. பாதியில் கணினி நின்று கேட்டது: 'இந்தக் கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள். உங்களுடையதே இருக்கட்டுமா, புதியதைப் போடவா?'

மந்திரி மேல் வயிற்றெரிச்சல் கொண்ட கோளரி என்ற அவைக்காரன் முந்திக்கொண்டான். "மகாராஜா, உங்கள் கதவை உங்களுக்கே பூட்ட இந்த அம்மா யார்? புதுசைப் போடச் சொல்லுங்கள்!"

"வேண்டாம் மகாராஜா, என் வரி போய்விடும்!" என்றாள் தையல்நாயகி.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "போடு புதுசை!"

அப்போது நண்பகல். தட்டும் சத்தம் கேட்டது; தடுக்கும் வரி போய்விட்டதால் மேற்கு வாசல் தானாகத் திறந்தது. வெளியே ஆளில்லை. வெயிலில் ஈரத் தாழம்பூ வாசனை. "அத்தான், வெயில் சுடுதே, வாங்களேன்."

ராணியின் குரலேதான். ராஜா கண் கலங்க எழுந்து நடந்தான். நாலே அடி பாக்கி.

ராஜாவைத் தொட்டுத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. தையல்நாயகி கத்தினாள்: "மகாராஜா! புது வழியில் வழி சொன்னவர்தானே முன்னே போகவேண்டும்? அதுதானே நம் வழக்கம்?"

"ஆமாம். கோளரி, முன்னே போ."

கோளரி தூணைக் கட்டிக்கொண்டான். "ஐயோ, மாட்டேன்! போனால் திரும்ப முடியாதென்று எனக்குத் தெரியும்!"

"தெரிந்துமா என்னை அனுப்பினாய்?" ராஜா அப்படியே நின்றுவிட்டான்.

அதற்குள் தையல்நாயகி கணினியில் குனிந்திருந்தாள். புதியதைப் போட்டாலும் நாம் திருத்தியதை அது தூக்கி எறியாது. வேறு பெயரில் பக்கத்திலேயே வைத்திருக்கும். அதை எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

ராஜா தன் முத்துமாலையை அவளுக்குப் போட்டான். கோளரியின் பட்டத்தைச் சபையிலேயே பிடுங்கினான்.

வெளியே ஒரே அழுகை. "அத்தான், என்னை மறந்துட்டீங்களா?"

ராஜா கதவில் நெற்றியை வைத்து விம்மினான். "அவளுக்குக் கொள்ளி வைத்ததே நான்தான். நீ யார்?"

அழுகை சட்டென்று நின்றது. அப்புறம் வெளியே மூன்று ஆண்கள் சிரித்தார்கள், திரும்பாத அந்தக் காவலர்களின் குரலில்.