இலையில்லாத எனோகி

ஜப்பானில் ஒரு மலைப்பாதையின் உச்சியில் சிறிய மடம் இருந்தது. மியோரின் என்ற பெண் துறவி அதன் குரு. அவரைவிட மிகவும் மூத்தவரான காக்குஷின் அவருடைய சீடர். சூத்திரங்களை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்.

வந்த புதிதில் அவர் கேட்டார். "குருவே, ஒன்றை அறிவது என்றால் என்ன?"

மியோரின் வாசலில் நின்ற மரத்தைக் காட்டினார். "அது எனோகி. அதை அறிந்துகொண்டு வாருங்கள்."

காக்குஷின் சற்று நேரத்திலேயே திரும்பினார். "இலையின் அடி கோணலாக இருக்கிறது. காம்பு முடியும் இடத்திலேயே மூன்று நரம்புகள் பிரிகின்றன. நுனிப் பாதியில் மட்டும் ரம்பப் பற்கள்."

"நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். அது இலை."

இலையுதிர் காலத்தில் கை நிறையப் பழங்களோடு வந்தார். "மிளகைவிடச் சற்றுப் பெரிசு. மேலே கொஞ்சம் தித்திப்பு, உள்ளே எல்லாம் கொட்டை."

மியோரின் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "ஆமாம், தித்திப்புதான். இது பழம்."

குளிர்காலத்தில் இலையும் போயிற்று, பழமும் போயிற்று. பக்கத்தில் நின்ற கெயாகி மரமும் மொட்டையானது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

"இனி எதைப் பார்த்து அறிவது?" காக்குஷின் குரலில் எரிச்சல்.

மியோரின் அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். வாசல் பனியை அள்ளச் சொன்னார். தினமும் அள்ளினார் காக்குஷின். களைத்துப்போனால் சாய்ந்துகொள்ள அந்த இரண்டு மரங்கள்தான் இருந்தன.

ஒரு நாள் மலைமேல் குடியிருந்த ஓட்சுனே என்ற பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தாள். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. வைத்தியர் கீழே ஊரில் இருந்தார். பனியோ பாதையை மூடியிருந்தது.

ஊருக்குப் போகும் அந்தப் பாதையில் காதத்துக்கு ஒரு மண்மேடு எழுப்பி, அதன்மேல் எனோகி நட்டிருந்தார்கள். அதுதான் வழிப்போக்கர்களுக்கு அடையாளம்.

"நீங்கள் முன்னால் போங்கள்" என்றார் மியோரின் காக்குஷினிடம். குழந்தையைத் தன் முதுகில் கட்டிக்கொண்டார்.

பாதி வழியில் பனிக்காற்று பிடித்தது. பாதை பிரியும் இடம் அது. இடதுபக்கம் ஒரு மேடு, ஒரு மொட்டை மரம். வலதுபக்கமும் அப்படியே. ஒரு வழி ஊருக்கு. மற்றது பள்ளத்துக்கு.

"சாமி, அந்தப் பெரிய மரம்தான்! அந்தப் பக்கம் போங்க!" ஓட்சுனே இடதுபக்கம் கையை நீட்டினாள்.

காக்குஷின் குருவைத் திரும்பிப் பார்த்தார். குழந்தையின் தலையில் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார் அவர்.

காக்குஷின் பெரிய மரத்தில் கை வைத்தார். பட்டை செதில் செதிலாக உதிர்ந்தது. கெயாகி என்று கையை எடுத்துவிட்டார். இடுப்பளவு பனியில் தடுமாறி வலதுபக்க மரத்துக்குப் போனார். தடவினார். நெருநெருவென்று மணலைப் போல இருந்தது. உதிரவில்லை. முதுகைத் திருப்பிச் சாய்ந்து பார்த்தார்.

"எனோகி!"

மலை அதிர்ந்தது. மரத்தைக் கட்டிக்கொண்டு மறுபடியும் கத்தினார். "எனோகி! வாருங்கள், இந்தப் பக்கம்!"

சரிவில் இறங்க இறங்கக் காற்று அடங்கியது. கீழே கூரைகளிலிருந்து புகை எழுவது தெரிந்தது. ஓட்சுனே அழுதுகொண்டே ஓடினாள்.

மறுநாள் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. கண் விழித்ததும் பசிக்கிறது என்றாள். வைத்தியர் வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. அந்தப் பனியில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காக்குஷின் மரத்தைக் கட்டிப்பிடித்தே காட்டினார். ஒவ்வொரு தடவையும் சிரிப்பும் ஆரவாரமும் எழுந்தன.

கடைசியில், வைத்தியர் வீட்டு அடுப்படியில் குழந்தைக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்த மியோரினிடம் ஓடிவந்தார். "குருவே, எனோகியை அறிந்துகொண்டேன்!"

"ஆமாம். மலைக்கே கேட்டது."

மியோரின் முகத்திலும் சிரிப்பு. காக்குஷின் சற்றுத் தயங்கினார்.

"ஆனால் சாய்ந்து நின்றபோது நான் எதையுமே யோசிக்கவில்லை. அதுவா அறிவது?"

"இப்போது யோசிக்கிறீர்கள். கஞ்சி பொங்குகிறது, இறக்குங்கள்."