காபிச் சங்கத்தார் உடம்பைப் பேணிய விதம்

தென்காசிக்குக் கிழக்கே கீழப்பாறையூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் மூளை உள்ளவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாம் பார்க்கப் போவது மற்ற நாலு பேரை.

நாலு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வேலையில்லாதவர்கள் சங்கம் வைப்பது நம் நாட்டு வழக்கம் என்பதால், இவர்களும் 'காபி அருந்துவோர் நலச் சங்கம்' என்று ஒன்று வைத்தார்கள். பூட்டிக் கிடந்த சைக்கிள் கடையைப் பிடித்து, பெஞ்சு போட்டு, பலகை மாட்டி, ரப்பர் ஸ்டாம்பும் செய்துகொண்டார்கள். தலைவர் தாண்டவராயன், பத்திர ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிப்பார், அதற்கு மேல் ஒரு அங்குலம் நகர மாட்டார். செயலாளர் நெல்லையப்பன் கையைவிட்டுத் தீர்மான நோட்டு இறங்காது. மாசானம் காபி போடுவார். அரியமுத்துவுக்குப் பதவி எதுவும் கிடையாது. வயிறு மட்டும் உண்டு.

ஒரு நாள் காலை ஒன்பதாவது டம்ளர் முடிந்த சமயம், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றார் தலைவர். மாசானம் போய்த் திறந்து பார்த்தார். யாரும் இல்லை. மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்னும் தட்டுகிறார்கள் என்றார் தலைவர். மறுபடியும் போய்ப் பார்த்தார். மூன்றாம் முறை நாலு பேரும் சேர்ந்து கதவையே கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தார்கள். அப்போதும் தட்டுவது நிற்கவில்லை. கடைசியில் அரியமுத்துதான் தலைவரின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஆள் உள்ளதான் இருக்காரு" என்றார்.

உடனே தலைவரை டாக்டர் ஜெசிந்தாவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். நோயாளி ஒருத்தர், சங்கம் ஒன்று என்பதால் நாலு பேரும் உள்ளே போனார்கள். டாக்டர் நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டார். காலையிலா, நாள் முழுக்கவா என்று தலைவர் திருப்பிக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"காபி ஒண்ணும் விஷம் இல்லைங்க. அளவோடு குடிச்சா கல்லீரலுக்குக்கூட நல்லதுன்னு ஆராய்ச்சி சொல்லுது. ஆனா உங்க இதயம் படபடன்னு அடிக்குது, ரத்தமும் கம்மியா இருக்கு. இவ்வளவு காபி இதயத்துக்கு ஆகாது. அதனால நான் சொல்றதை அப்படியே கேட்கணும்."

அப்படியே கேட்பது என்பது இந்த நாலு பேரும் பிறந்ததிலிருந்து செய்துவரும் வேலை. டாக்டர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, நெல்லையப்பன் எழுதிக்கொண்டார். வெறும் வயிற்றில் காபி குடிக்கக் கூடாது. எப்போது குடித்தாலும் அளவோடு குடிக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் காபியைத் தொடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருகிறார். காபியோடு சேர்ந்தால் அது உடம்பில் பிடிக்காது, ஆகவே காபியிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். எழுதியதை நெல்லையப்பன் உரக்கப் படித்துக் காட்டினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். சரி என்று டாக்டர் தலையாட்டினார். அந்த அம்மாள் செய்த ஒரே தவறு அதுதான்.

சாயங்காலமே அவசரக் கூட்டம் கூடியது. முதலில் வெறும் வயிறு விவாதத்துக்கு வந்தது.

"வெறும் வயிறுன்னா என்ன வே?" என்று தலைவர் கேட்டார்.

"வெறுங்காலுன்னா செருப்பு இல்லாத காலு" என்றார் நெல்லையப்பன். "அப்போ வெறும் வயிறுன்னா சட்டை இல்லாத வயிறு."

எல்லோரும் அரியமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் ஒரு துண்டோடு பதினைந்து வருஷமாகத் திறந்த வயிற்றுடன் காபி குடித்துவந்தவர் அவர். இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தோம் என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வயிற்றை மூடும் சட்டை கடைத்தெருவில் இல்லை. ஆகவே ஒரு ஜமக்காளத்தைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். சித்திரை மாதம் அது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் வயிறு பத்திரமாக இருந்தது.

அடுத்தது, அளவோடு. அளவோடு என்றால் கையில் ஓர் அளவு இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எந்த அளவு என்பதுதான் சிக்கல். மாசானம் வீட்டிலிருந்து உழக்கைக் கொண்டுவந்தார். நெல்லையப்பன் அடிக்கோலைக் கொண்டுவந்தார். அரியமுத்து தையற்காரரிடம் கேட்டு ஒரு நாடாவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். டாக்டர் எந்த அளவு என்று குறிப்பிடாததால் எதுவும் செல்லும் என்று தலைவர் தீர்ப்புச் சொல்லி, தமக்கு ஒரு படியை எடுத்துக்கொண்டார். ஒரு கையில் டம்ளர், மறு கையில் அளவு. எத்தனை டம்ளர் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. டாக்டரும் எழுப்பியதாக நோட்டில் இல்லை.

பெரிய விவாதம் கல்லீரலைப் பற்றி நடந்தது. கல்லீரலுக்கு நல்லது, இதயத்துக்கு ஆகாது என்றால், ஒரே வாய் வழியாகப் போகிற காபியை எப்படிப் பிரித்து அனுப்புவது?

"கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று மாசானம் மெதுவாகக் கேட்டார்.

"வலப்பக்கம்."

"இதயம்?"

"இடப்பக்கம்."

"அப்போ வலப்பக்கமாச் சாஞ்சு குடிச்சாப் போதுமே. தண்ணி பள்ளத்தைப் பாத்துத்தானே ஓடும்?"

இதைக் கேட்டுத் தலைவர் எழுந்து நின்று மாசானத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் காலை நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சட்டை போட்ட வயிறுகளோடு, அளவுகளைக் கையில் பிடித்து, ஒரே நேரத்தில் வலப்பக்கம் சாய்ந்தார்கள். இடப்பக்கக் கோடியில் அரியமுத்து இருந்தார். அவர் சாய்ந்ததும் மற்ற மூவரும் பெஞ்சோடு கவிழ்ந்தார்கள். நெல்லையப்பனின் காபி மாசானத்தின் காதுக்குள் போனது. அது வலது காதாக இருந்ததால் கல்லீரலுக்குத்தான் போயிருக்கும் என்று தலைவர் தரையில் கிடந்தபடியே ஆறுதல் சொன்னார்.

இந்த அரிய முறையை நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும் என்று நெல்லையப்பன் தீர்மானத்தைச் செல்போனில் எழுதிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். பத்தாம் நாள் அது துபாயில் இருக்கும் அவர் மைத்துனரிடமிருந்து அவருக்கே திரும்பி வந்தது. இப்போது அதன் தலைப்பில், அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடித்தது என்று இருந்தது. அமெரிக்காவும் நம் வழிக்கு வந்துவிட்டதே என்று சங்கத்தார் மகிழ்ந்தார்கள். அதே வாரம் ஊரில் மூளை உள்ளவர்கள் என்று நான் முதலில் சொன்னேனே, அவர்களில் பாதிப் பேர் ஓட்டல்களில் வலப்பக்கம் சாய்ந்து காபி குடிக்கத் தொடங்கினார்கள். யார் சொன்னது என்று கேட்டால், செல்போனில் வந்தது என்றார்கள்.

மாத்திரை விஷயம்தான் எல்லோரையும் வாட்டியது. தாண்டவராயனின் மனைவி வடிவு மாத்திரையை அலமாரியில் வைத்திருந்தாள். நெல்லையப்பன் நோட்டைப் பிரித்துக் காட்டினார்: காபியிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைக்கவும். அலமாரிக்கும் சங்கத்துக்கும் நடந்தால் மூன்று நிமிஷம். இந்த மனுஷனுக்கு நெஞ்சு படபடக்கும்போது மாத்திரை எங்கேயோ கிடந்தால் என்ன செய்வது என்று வடிவு கேட்டாள். கேள்வியைச் சங்கம் நோட்டில் குறித்துக்கொண்டது.

ஒரு மணி நேர நடையில் ரயில்வே கேட் இருந்தது. மாத்திரை டப்பாவைக் கேட் கீப்பரிடம் ஒப்படைத்தார்கள். தினமும் காலை காபி முடிந்ததும் நாலு பேரும் அங்கே நடந்து போவார்கள். தலைவர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். திரும்பி நடந்து வருவார்கள். ஆட்டோவில் போகலாமே என்று கேட் கீப்பர் சொன்னார். ஆட்டோவில் வந்தால் பத்து நிமிஷம்தான் ஆகும், மாத்திரை வீணாகிவிடும் என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினார்கள்.

நடையும் மாத்திரையும் சேர்ந்து தலைவருக்கு ரத்தம் ஊறியது. ரத்தம் ஊறியதால் நடை வேகமானது. மூன்றாம் வாரம் ஐம்பது நிமிஷத்தில் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நெல்லையப்பன் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். மாத்திரை பத்து நிமிஷம் கிட்டே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் டப்பாவை அடுத்த ஊர் ரேஷன் கடைக்கு மாற்றினார்கள். தலைவர் இன்னும் தேறினார். மாத்திரை செங்கல் சூளைக்குப் போனது. அவர் உடம்பு நன்றாக ஆக ஆக மாத்திரை அவரைவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

இதனால் ஒரு சங்கடம் வந்தது. போய்த் திரும்பிக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மணி மூன்றாகிவிடுகிறது. மூன்றுக்கு மேல் காபியைத் தொடக் கூடாது. காலை நடைக்கு முன்னால் கிடைத்த இரண்டு டம்ளரோடு ஆறு நாள் இருந்தார்கள். ஏழாம் நாள் தலைவர் நோட்டை வாங்கி, பத்திரம் படிப்பதுபோல் விரலை வைத்துப் படித்தார்.

"தொடக் கூடாதுன்னுதான் இருக்கு" என்றார். "குடிக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல."

அன்று முதல் மூன்று மணிக்கு மேல் நாலு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்பார்கள். காபிக்கடை ஆள் ஒருவர் மேலிருந்து ஊற்றுவார். நாக்கு தொடுகிறதே, அது தொடுவதாகாதா என்று அரியமுத்து ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். நாக்கு காபியைத் தொடவில்லை, காபிதான் நாக்கைத் தொடுகிறது, அதற்கு நாம் பொறுப்பில்லை என்று தலைவர் தீர்த்துவைத்தார். கையில் டம்ளர் இல்லாததால் எண்ணிக்கையும் இல்லாமல் போனது. காலையில் விட்டதையெல்லாம் சாயங்காலம் பிடித்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள், அண்ணாந்து நின்றபடியே தலைவர் சரிந்து விழுந்தார்.

வடிவு ஓடிவந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தவரின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, மற்ற மூன்று பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, மாத்திரை எங்கே என்று கேட்டாள். செங்கல் சூளையில் என்றார் மாசானம். "முப்பத்தெட்டு வருஷம் சண்டை போட்டுப் பழகிட்டேன், இனி நான் யாருகிட்ட போய்ப் போடுவேன்" என்று அழுதாள். அந்த ஒரு நிமிஷம் சங்கத்தாரும் அழுதார்கள். நெல்லையப்பன் அழுதுகொண்டே அதையும் எழுதிக்கொண்டார்.

டாக்டர் ஜெசிந்தா ஊசி போட்டு, இரண்டு நாள் படுக்கையில் வைத்து, தலைவரைத் தேற்றினார். ரத்தம் அருமையாக ஏறியிருக்கிறது, காபிதான் ஆளைக் கவிழ்த்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். நெல்லையப்பன் நோட்டைப் படித்தார். ஜமக்காளம், உழக்கு, கல்லீரல், ரயில்வே கேட், அண்ணாந்து நின்றது எல்லாவற்றையும் கேட்டு முடித்த டாக்டர், நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, ஓட்டை எதுவும் இல்லாத ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க நாலு பேரும் இனிமே காபியை மறந்துடுங்க."

குடிக்காமல் இருப்பது எளிது. மறப்பது கடினம் என்பதைச் சங்கத்தார் அப்போதுதான் உணர்ந்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்குக் கூடி மறந்தார்கள். ஒருவரையொருவர் சோதித்தும் பார்த்தார்கள்.

"மறந்தாச்சா?"

"மறந்தாச்சு அண்ணாச்சி."

"எதை?"

"காபியை."

"அப்போ மறக்கல. மறுபடியும் முதல்ல இருந்து வாரும்."

ஒரு வாரம் இப்படி உழைத்தார்கள். எட்டாம் நாள் காலை எதை என்ற கேள்விக்கு அரியமுத்து பதில் சொல்லவில்லை. நெல்லையப்பன் சொல்லவில்லை. தலைவரும் தம்மையே கேட்டுப் பார்த்துப் பேசாமல் இருந்தார். எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில், பழகிப்போன கை தன்பாட்டில் செய்த வேலையால், மாசானம் நாலு டம்ளரைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். நுரை பொங்கியது. ஆவி பறந்தது.

"இது என்ன வே?" என்றார் தலைவர்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தெரியும் என்று சொன்னால் மறக்கவில்லை என்றாகிவிடும். தெரியாத பொருளைத் தெரியாது என்று விட்டுவிடுவதும் சங்கத்துக்கு அழகில்லை. குடித்துப் பார்த்தால் தெரியலாம் என்றார் நெல்லையப்பன். குடித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் கசக்கிறது என்றார் ஒருவர். கொஞ்சம் இனிக்கிறது என்றார் இன்னொருவர். முதல் டம்ளரில் பிடிபடவில்லை. ஆறாவதிலும் பிடிபடவில்லை. மத்தியானம் வரை ஆராய்ந்தும் முடிவுக்கு வர முடியாமல், மீதி இருந்ததை ஒரு பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு நாலு பேரும் டாக்டரிடம் போனார்கள்.

"டாக்டர் அம்மா, இது என்னன்னு பாத்துச் சொல்லணும்" என்றார் தலைவர். "நாங்க ஆளுக்குப் பதினோரு டம்ளர் குடிச்சுப் பாத்துட்டோம். எங்களுக்கு விளங்கல."

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இது காபி" என்றார்.

தலைவர் டாக்டரின் முகத்தை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். பிறகு நெல்லையப்பன் பக்கம் குனிந்து, அந்த அம்மாளுக்குக் கேட்டுவிடாதபடி மெதுவாகச் சொன்னார்:

"எழுதிக்கிடும் வே. பாவம், டாக்டர் அம்மா இன்னும் மறக்கல."